கொங்கு மலைகளில் பைக்கில் மூன்று நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு மலை ரொம்பப் பக்கம். மேற்கே ஆனைமலை, வடமேற்கே நீலகிரி, வடக்கே சத்தியமங்கலமும் பர்கூரும், கிழக்கே சேர்வராயனும் கொல்லிமலையும். காலையில் பால் வாங்கி வைத்துவிட்டுக் கிளம்பினால் மதியத்துக்குள் ஏதோ ஒரு மலையின் மேல் நிற்கலாம். நான் இருபது வருடமாக இந்தச் சாலைகளில் வண்டி ஓட்டுகிறேன். முதல் தடவை போகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் அதற்கு நான் சொல்கிற பதில்களும் கீழே இருக்கின்றன.

மூன்று நாள் லீவு இருக்கிறது. எத்தனை மலை போகலாம்?

ஒன்று. கேட்கிற எல்லோரும் வால்பாறை, ஊட்டி, கொடைக்கானல் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கத் திட்டத்தோடு வருகிறார்கள். வரைபடத்தில் பார்த்தால் சில நூறு கிலோமீட்டர்தானே என்று தோன்றும். சமவெளியில் ஒரு மணி நேரத்தில் 50 கிலோமீட்டர் போகிற வண்டி, மலைப்பாதையில் 20, 25தான் போகும். பனி இறங்கினால் அதுவும் கிடையாது.

அதனால் கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதீர்கள், வெளிச்சத்தை வைத்துப் போடுங்கள். காலை 6 மணிக்கு அடிவாரம், மாலை 4 மணிக்குத் தங்கும் இடம். இந்த இரண்டுக்கும் நடுவில் என்ன அடங்குகிறதோ அதுதான் அன்றைய பயணம். இருட்டிய பிறகு மலையில் ஓட்ட வேண்டி வந்தால் திட்டம் போட்ட இடத்திலேயே தப்பு நடந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, எந்த மலை?

நீங்கள் எங்கிருந்து கிளம்புகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

கோவை, திருப்பூர், உடுமலைக்காரர்களுக்கு வால்பாறை. பொள்ளாச்சியிலிருந்து 64 கிலோமீட்டர். ஆழியாறு அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கி 40 கொண்டை ஊசி வளைவுகள். முதல் மலைப் பயணத்துக்கு இதைத்தான் சொல்வேன். சாலை அகலம், வளைவு ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை, ஏறி முடிந்ததும் தேயிலை.

ஈரோடு, கோபி பக்கமென்றால் சத்தியமங்கலம் வழியாகத் திம்பம். பண்ணாரி அம்மன் கோயிலில் கும்பிட்டுவிட்டு ஏறினால் 27 வளைவுகள், அப்புறம் ஆசனூர், தாளவாடி. இது மைசூருக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை என்பதால் லாரி அதிகம். முதல் தடவை போகிறவர்களுக்கு வேண்டாம். அந்தியூரிலிருந்து பர்கூர் போகும் பாதை அமைதியானது. தாமரைக்கரையைத் தாண்டினால் செம்பழுப்பில் வெள்ளைத் திட்டு போட்ட பர்கூர் மாடுகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும், அதற்கு வழி விட்டு நிற்பதே ஒரு சுகம்.

நாமக்கல், சேலம், கரூர்க்காரர்களுக்குக் கொல்லிமலை. சேந்தமங்கலம் தாண்டிக் காரவள்ளியில் ஏற்றம் ஆரம்பம், மொத்தம் 70 வளைவுகள். வளைவுக்கும் வளைவுக்கும் நடுவே மூச்சு விட நேரமிருக்காது. ஓட்டிப் பழகியவர்களுக்கு இந்தப் பக்கத்தில் இதைவிட நல்ல பாதை இல்லை என்பேன். பழகாதவர்கள் 20 வளைவுள்ள ஏற்காட்டை முதலில் ஏறிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்த மாதம் நல்லது?

இதற்கு ஒரே பதில் சொன்னால் தப்பாகிவிடும். நம் மலைகளுக்கு ஒரே மழைக்காலம் கிடையாது.

வால்பாறை தென்மேற்குப் பருவமழை மலை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டும். பக்கத்தில் இருக்கிற சின்னக்கல்லாறு தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் இடங்களில் ஒன்று. அப்போது போனால் மலை முழுக்கப் பச்சையாகவும் அருவியாகவும் இருக்கும், ஆனால் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. கூடவே அட்டை. புல்லில் கால் வைத்துவிட்டு வந்து ஷூவைக் கழற்றினால் சாக்ஸுக்குள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருக்கும். வால்பாறைக்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம்.

நீலகிரியின் கிழக்குச் சரிவு நேர்மாறு. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் ஏறுகிற இரண்டு சாலைகளும் வடகிழக்குப் பருவமழையை நேராக வாங்குகிற பக்கத்தில் இருக்கின்றன. அக்டோபர் கடைசி, நவம்பரில் மண் சரியும். 2009 நவம்பரில் நடந்த சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்ததை நீலகிரிக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. தீபாவளி லீவுக்கு ஊட்டி என்று முடிவு செய்திருந்தால், கிளம்புகிற அன்று காலையில் சாலை திறந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு வண்டியை எடுங்கள். நீலகிரிக்கு ஜனவரி, பிப்ரவரி அருமை. விடியற்காலையில் புல்லின் மேல் உறைபனி படிந்திருக்கும், வெயில் பட்டதும் ஆவியாகும். கை விறைத்துப்போகும், ஆனால் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும்.

ஏப்ரல், மே மாதத்தில் எல்லோரும் மலைக்குத்தான் வருவார்கள். சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் பாதையாக மாற்றிவிடுவது வழக்கம். கார்களுக்குப் பின்னால் புகையைக் குடித்துக்கொண்டு ஏறுவது பயணமா? அந்த நாட்களில் கொல்லிமலைக்கோ பர்கூருக்கோ போங்கள்.

இன்னொன்று, இதை யாரும் சொல்வதில்லை: காற்று. வைகாசியில் தொடங்கி ஆவணி வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் சாலைகளில் வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். அந்தப் பகுதியில் இவ்வளவு காற்றாலை நிற்பதற்குக் காரணமே அதுதான். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், 110 கிலோ வண்டி எம்மாத்திரம். தென்னந்தோப்பு ஓரமாக ஓட்டும்போது ஒன்றும் தெரியாது. தோப்பு முடிந்து வெட்டவெளி வரும் அந்த இடத்தில் திடீரென்று ஒரு அடி அடிக்கும். லாரியை முந்தும்போதும் அப்படித்தான், லாரியின் மறைவு முடிகிற நொடியில் வண்டி ஒரு முழம் நகர்ந்துவிடும். ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்காமல் முழங்கையைத் தளர்த்தி, தொடையால் டேங்கை அணைத்து உட்காருங்கள். வேகம் 50க்குக் கீழே.

என்னிடம் 110 சிசி வண்டிதான் இருக்கிறது. மலை ஏறுமா?

தாராளமாக ஏறும். வால்பாறை எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களும் கொல்லிமலையில் மிளகு மூட்டை ஏற்றுகிறவர்களும் அந்த வண்டியில்தான் தினமும் ஏறி இறங்குகிறார்கள். உயரம் கூடக் கூடக் காற்றின் அடர்த்தி குறைவதால் இன்ஜினின் இழுவை கொஞ்சம் குறையும். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊட்டியில் அது நன்றாகவே தெரியும், வால்பாறையில் பெரிதாகத் தெரியாது. இரண்டு பேரோடு சுமையும் இருந்தால் செங்குத்தான வளைவில் முதல் கியர் கேட்கும். போட்டுக் கொடுங்கள், தப்பில்லை. ஸ்கூட்டரிலும் ஏறலாம், இறங்குவதுதான் யோசிக்க வேண்டியது. கியர் இல்லாததால் பிடிமானம் முழுக்க பிரேக்கின் மேல் விழும். நடுவில் இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி ஆறவிட்டு இறங்குங்கள்.

கிளம்பும் முன் வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?

பிரேக். மற்றதெல்லாம் அப்புறம். பின் பிரேக் ஷூவைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். முன்னால் டிஸ்க் இருந்தால் பேட் எவ்வளவு மிச்சம், பிரேக் ஆயில் எத்தனை வருடப் பழசு என்று பாருங்கள். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், சூடானால் கொதித்து லீவர் பொசுக்கென்று உள்ளே போகும்.

டயரின் நடுப்பகுதி தேய்ந்து தட்டையாக இருந்தால் மாற்றிவிடுங்கள். நேர்ச்சாலையில் அது தெரியாது, வளைவில் சாய்க்கும்போது வண்டி பலகை மாதிரி திரும்பும். செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, தொய்வைச் சரி பார்க்க வேண்டும். கிளட்ச் கேபிள் ஒன்று, ஸ்பார்க் பிளக் ஒன்று, ட்யூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட்டும் சின்னக் காற்றடிப்பானும். கேபிள் அறுந்தால் மலையில் எந்தக் கடையும் பக்கத்தில் இருக்காது.

இதையெல்லாம் கிளம்புகிற அன்று செய்யாதீர்கள். ஒரு வாரத்துக்கு முன்பே பட்டறையில் விட்டு, மூன்று நாலு நாள் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள். புது பிரேக் ஷூ பதிய அந்த நாட்கள் வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் எப்படித் திருப்புவது?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் இடது பக்கம் ஓட்டுகிறோம். அதனால் ஏறும்போது இடப்பக்கம் திரும்புகிற வளைவும் வலப்பக்கம் திரும்புகிற வளைவும் ஒன்றல்ல. வலப்பக்க வளைவில் நாம் வெளிவட்டத்தில் போவோம், அகலமாகவும் சரிவு குறைவாகவும் இருக்கும். இடப்பக்க வளைவில் உள்வட்டம். அங்கே சாலை சுவர் மாதிரி எழும்பி நிற்கும். பாதி வளைவில் இழுவை செத்து, கியர் மாற்றத் தடுமாறி, கால் ஊன்றப் போனால் ஊன்ற இடம் இருக்காது, ஏனென்றால் உள்பக்கம் தாழ்வு. முதல் தடவைக்காரர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். வளைவுக்கு முன்பே இரண்டாவது கியர், சுமை இருந்தால் முதல் கியர். உள்ளே நுழைந்த பிறகு கிளட்ச்சைத் தொடக் கூடாது. ஆக்சிலேட்டரை ஒரே சீராகப் பிடித்து, பார்வையை வளைவு முடிகிற இடத்தில் வையுங்கள். முன் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டு ஓட்டினால் வண்டி அங்கேயே நிற்கும்.

எதிரே பஸ் வருகிறதா என்று மேல் சாலையைப் பார்த்துக்கொண்டே ஏறுங்கள். பஸ்ஸுக்கு அந்த வளைவில் முழுச் சாலையும் வேண்டும், ஓட்டுநர் நினைத்தாலும் ஓரம் கட்ட முடியாது. ஹாரன் கேட்டதும் வளைவுக்குப் பத்து மீட்டர் முன்னாலேயே இடது ஓரமாக நின்றுவிடுங்கள், பஸ் இறங்கிப் போகட்டும். குறுகலான இடத்தில் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் இறங்கும்போது அதை நினைவில் வைத்து நின்று வழி விடுங்கள்.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கஷ்டம். எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை விட்டு விட்டுத் தொட்டால் போதும். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விட்டோ இன்ஜினை அணைத்தோ இறங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பல வருடங்களுக்கு முன் கொல்லிமலையிலிருந்து இறங்கும்போது நானும் மூன்றாவது கியரில் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். முப்பதாவது வளைவு தாண்டியிருக்கும். கருகிய வாடை வந்தது. அடுத்த வளைவில் மிதித்தால் பெடல் கீழே போகிறது, வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்து, மலைப்பக்கத்து மண்ணில் ஏற்றி நிறுத்தினேன். பின் டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோக முடியவில்லை, அவ்வளவு அனல். பாட்டில் தண்ணீரை ஊற்றப் போனபோது கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா தடுத்தார். "தண்ணி ஊத்தாதீங்க கண்ணு, வெடிச்சுப்போயிரும். செத்த நேரம் உக்காருங்க, ஆறட்டும். கியர்லயே விட்டு எறக்கோணுங் சாமி." அரை மணி நேரம் உட்கார்ந்தேன். அவர் கொய்யாவை நாலாக வகுந்து மிளகாய்ப்பொடி தூவிக் கொடுத்தார். மிச்ச வளைவுகளை இரண்டாவது கியரில் இறங்கினேன், பிரேக்கைத் தொட்டது பத்துத் தடவைகூட இருக்காது. இன்றுவரை அப்படித்தான் இறங்குகிறேன்.

இ-பாஸ் வேண்டுமா?

நீலகிரிக்கு 2024 மே 7 முதல் வேண்டும். வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதல் வேண்டும். இரண்டுமே சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி வந்தவை. அரசின் இ-பாஸ் இணையதளத்தில் செல்போன் எண்ணைக் கொடுத்து, வண்டி எண், போகிற தேதி, தங்கும் இடம் நிரப்பினால் கிடைத்துவிடும், கட்டணம் இல்லை. சீசனில் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பு வைத்திருக்கிறார்கள், அதனால் தேதி முடிவானதும் எடுத்துவிடுங்கள். போனில் சார்ஜ் இல்லாமல் செக்போஸ்ட்டில் நிற்பதற்கு ஒரு பிரதி எடுத்துச் சட்டைப்பையில் வைப்பது மேல்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் எல்லாம் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். ஹெல்மெட் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம்.

செக்போஸ்ட் நேரக் கட்டுப்பாடு என்ன?

காட்டுச் சாலை எதையும் மாலை 6 மணிக்கு மேல் கணக்கில் சேர்க்காதீர்கள். திம்பத்தில் 2022 பிப்ரவரியிலிருந்து நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. வனவிலங்குகள் வண்டியில் அடிபட்டுச் செத்துக்கொண்டே இருந்ததால் வந்த தடை. சிலர் செக்போஸ்ட்டில் போய் வாக்குவாதம் செய்கிறார்கள். அந்த இரவு நேரம் மட்டும்தான் அந்தக் காட்டுக்குச் சொந்தம், அதையும் பிடுங்க வேண்டாம்.

மசினகுடிக்கும் ஊட்டிக்கும் நடுவில் இருக்கிற கல்லட்டிச் சாலையில் 36 வளைவுகள். அதில் வெளியூர் வண்டிகள் ஏறலாம், இறங்க விடமாட்டார்கள். பிரேக் பிடிக்காமல் நடந்த விபத்துகள் அவ்வளவு.

யானை எதிரே வந்தால்?

நில்லுங்கள். பார்த்த இடத்திலேயே, எவ்வளவு தூரமானாலும். ஹாரன் அடிக்காதீர்கள், லைட்டை அணைத்து அணைத்துப் போடாதீர்கள், போனை எடுக்காதீர்கள். வண்டியை மெதுவாகத் திருப்பி, வந்த வழி பார்த்து நிறுத்தி வையுங்கள். ஒன்று கடந்துவிட்டது என்று உடனே கிளப்ப வேண்டாம், பின்னால் குட்டியோடு தாய் நிற்கும். யானை சாலையை விட்டு முழுதாக விலகி, எதிர்ப்பக்கம் ஒரு பஸ்ஸோ ஜீப்போ கடந்து வந்த பிறகு போவது நல்லது. காரில் இருப்பவருக்குத் தகரமாவது இருக்கிறது, நமக்கு அதுவும் இல்லை.

வால்பாறையில் யானை எந்த எஸ்டேட் பக்கம் நிற்கிறது என்று ஊர்க்காரர்களுக்குச் செல்போன் செய்தி போகிற ஏற்பாடு இருக்கிறது. யானை பக்கத்தில் இருந்தால் முக்கியமான இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். அந்த விளக்கைப் பார்த்தால் டீக்கடையில் விசாரித்துவிட்டுப் போங்கள். அங்கே சிறுத்தையும் உண்டு. இருட்டிய பிறகு குழந்தைகளை விடுதிக்கு வெளியே விடாதீர்கள், தேயிலைக்குள் நடந்து போய்ப் படம் எடுக்கவும் வேண்டாம்.

அப்புறம் குரங்கு, வரையாடு. ஆழியாறு ஏற்றத்தில் சில சமயம் வரையாடுகள் தடுப்புச் சுவரிலேயே நிற்கும். புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகள் சாலைக்கே வந்துவிடும். பிஸ்கட், சிப்ஸ் எதுவும் போடாதீர்கள். போட்டுப் பழக்கியதால்தான் அவை சாலையில் உட்கார்ந்து வண்டியில் அடிபடுகின்றன.

வால்பாறைக்கு நாள்வாரியாக ஒரு திட்டம் சொல்லுங்களேன்.

முதல் நாள் கோவையிலிருந்து காலை 5 மணிக்குக் கிளம்பினால் ஆறே காலுக்குள் பொள்ளாச்சி. அங்கே டேங்கை நிரப்பி, இட்லி சாப்பிடுங்கள். எட்டு மணிக்கு ஆழியாறு செக்போஸ்ட். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ, இந்தச் சாலையைப் போட்ட பொறியாளர் பெயரில் இருக்கிற இடம். ஆழியாறு அணை முழுதாகக் கீழே தெரியும். அங்கே ஒரு கால் மணி நேரம் நின்று இன்ஜினும் நீங்களும் ஆறுங்கள். அட்டகட்டியில் டீ. அதற்குப் பிறகு காற்றின் வாசனையே மாறிவிடும், காட்டு ஈரமும் தேயிலைத் தொழிற்சாலை வாசனையும் கலந்து வரும். கவர்க்கல்லில் பனி பிடித்தால் லைட்டைத் தாழ்த்திப் போட்டு, இடது ஓரக் கோட்டைப் பார்த்தே போக வேண்டும். மதியத்துக்குள் வால்பாறை. சாப்பிட்டுத் தூங்குங்கள். முதல் நாளே ஊர் சுற்ற வேண்டாம்.

இரண்டாம் நாள் முழுக்க வால்பாறையிலேயே. காலையில் நல்லமுடிப் பூஞ்சோலை, பள்ளத்தாக்கில் மேகம் கீழே கிடக்கும். அப்புறம் சோலையாறு அணை. எஸ்டேட் சாலைகளில் 30 கிலோமீட்டர் வேகத்தில் சும்மா ஓட்டுவதுதான் இந்த நாளின் வேலை. கூழாங்கல் ஆற்றில் கால் நனைக்கலாம், ஆழத்துக்குப் போகாதீர்கள். இந்தப் பக்கத்து ஆறுகள் பார்க்கச் சாதுவாக இருக்கும், பாறைக்கு நடுவில் சுழல் இருக்கிறது. குளிக்கப் போன பிள்ளைகள் திரும்பாமல் போயிருக்கிறார்கள்.

சிலர் மளுக்கப்பாறை வழியாக அதிரப்பள்ளிக்கு இறங்கி வருகிறோம் என்பார்கள். மூன்று நாளில் அதைச் சேர்க்காதீர்கள். அடர்ந்த காடு, நேரக் கட்டுப்பாடு, நாள் முழுதும் போய்விடும்.

மூன்றாம் நாள் ஏழரை மணிக்கு இறங்கத் தொடங்கினால் பத்தரைக்கு ஆழியாறு. வழியில் ஒரு இளநீர். மதியச் சாப்பாட்டுக்கு வீடு.

ஊட்டிக் கூட்டம் வேண்டாம், ஆனால் நீலகிரி பார்க்க வேண்டும். வழி உண்டா?

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு 33 கிலோமீட்டர். அங்கே முதல் இரவு. கோடநாடு காட்சிமுனையிலிருந்து பார்த்தால் மோயாறு கீழே நெளிந்து போகும். கன்னேரிமுக்கில் அப்போதைய கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819இல் கட்டிய பங்களா நினைவிடமாக இருக்கிறது, ஊட்டிக்கு முன்பே நீலகிரியில் வெள்ளைக்காரர் கட்டிய வீடு. மறுநாள் ஊட்டியைத் தொட்டும் தொடாமலும் கடந்து மஞ்சூர். இரண்டாவது இரவு அங்கே. மூன்றாம் நாள் கெத்தை வழியாக 43 வளைவுகள் இறங்கி, வெள்ளியங்காடு, காரமடை. நீலகிரியிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த இறக்கம் இது. வண்டிகள் குறைவு, ஒரு பக்கம் பள்ளத்தாக்கு முழுதும் திறந்து கிடக்கும். யானைத் தடமும் இதுதான். பகல் பத்து மணிக்கு மேல்தான் இறங்க வேண்டும், அதுவும் செக்போஸ்ட்டில் விசாரித்துவிட்டு.

நீலகிரியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள், தண்ணீர் பிடிக்க ஏ.டி.எம். வைத்திருக்கிறார்கள்.

என்ன சாப்பிடலாம்?

ஏற்றத்துக்கு முன் வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குக் குமட்டும். கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் கிடைக்கும், மிளகு தூக்கலாகக் குடியுங்கள், குளிருக்கு இதம். சோளக்காட்டுச் சந்தையில் பலாவும் மலைவாழையும். கோத்தகிரியில் வர்க்கியும் டீயும். வீட்டிலிருந்து எடுத்துப் போவதாக இருந்தால் கச்சாயம், முறுக்கு, வறுத்த கடலை. கசங்காது, கெடாது.

மனைவியோடு போகிறேன். சாமான் எப்படிக் கட்டுவது?

இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பை, 12 கிலோவுக்கு மேல் வேண்டாம். முதுகுப்பையை ஓட்டுகிறவர் மாட்டிக்கொண்டால் மாலையில் தோள் கழன்றுவிடும். பக்கத்துக்கு ஒன்றாகத் தொங்கவிடும் பை நல்லது, சைலன்சரில் படாமல் பாருங்கள். கொக்கி போட்ட ரப்பர் கயிற்றின் நுனி சக்கரத்தில் சிக்கினால் அவ்வளவுதான், மிச்சத்தைச் சுருட்டிக் கட்டுங்கள். சேலை, துப்பட்டாவும் அப்படித்தான். சுடிதாரும் ஷூவும் மேல் சட்டையும் வசதி.

வளைவில் பின்னால் இருப்பவர் பயந்து எதிர்ப்பக்கம் சாய்வார். கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: வண்டி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத் தோளுக்கு மேலாகப் பார்த்தால் போதும், உடம்பு தானாகச் சரியாகும். 40 நிமிடத்துக்கு ஒரு தடவை நிறுத்துங்கள். அவருக்கு வலிக்கிறது என்று சொல்லும் வரை காத்திருக்காதீர்கள்.

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் சுமார் 6 டிகிரி குளிர் கூடும். மேட்டுப்பாளையத்தில் வியர்த்து வழிகிறதே என்று ஸ்வெட்டரைப் பைக்குள் அடியில் வைக்காதீர்கள்.

நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து போகலாமா?

நாலு வண்டி வரை சரி. புதிதாக ஓட்டுகிறவர் இரண்டாவதாக வரட்டும், நன்றாக ஓட்டத் தெரிந்தவர் கடைசியில். ஒருவரை ஒருவர் முந்தக் கூடாது. பின்னால் வருகிறவர் கண்ணாடியில் தெரியவில்லை என்றால் அடுத்த அகலமான இடத்தில் நிற்க வேண்டும். ராத்திரி குடித்தால் மறுநாள் காலை ஓட்டக் கூடாது. இதைக் கிளம்பும் முன்பே பேசி முடித்துவிடுங்கள்.

எவ்வளவு செலவாகும்?

கோவை–வால்பாறை–கோவை, உள்ளே சுற்றுவதையும் சேர்த்து 300 கிலோமீட்டர். மலையில் மைலேஜ் குறையும், லிட்டருக்கு 40 என்று வைத்தால் ஏழரை லிட்டர் பெட்ரோல். அறைதான் பெரிய செலவு. வெள்ளி, சனியைத் தவிர்த்து ஞாயிறு மதியம் ஏறி செவ்வாய் இறங்கினால் வாடகையும் குறையும், சாலையும் காலியாக இருக்கும்.

வழியில் விழுந்தால், வண்டி நின்றால்?

பல வளைவுகளில் சிக்னல் இருக்காது. வளைவு எண்ணைப் பார்த்து வைத்துக்கொண்டே ஓட்டுங்கள். கீழே இறங்குகிற பஸ் கண்டக்டரிடம் "இருபத்தி மூணாவது வளைவுல" என்று சொன்னால் உதவி நேராக அங்கே வந்து சேரும். 108க்கும் அந்த எண்தான் விலாசம். வீட்டில் ஒருவரிடம் ஏறும்போது ஒரு போன், இறங்கியதும் ஒரு போன்.

திரும்பி வந்த பிறகு வண்டிக்கு ஏதாவது செய்ய வேண்டுமா?

அன்றைக்கே ஒன்றும் வேண்டாம், நிறுத்தி ஆறவிடுங்கள். மறுநாள் செயினைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுங்கள், மலைச்சேறு காய்ந்தால் அரத்தால் ராவுகிற மாதிரி ஸ்ப்ராக்கெட்டைத் தின்னும். பிரேக்கைத் திரும்ப ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். 40 வளைவு இறங்கிய ஷூ ஊருக்குள் ஆறு மாதம் ஓடிய அளவுக்குத் தேய்ந்திருக்கலாம். இன்ஜின் ஆயில் மாற்ற இன்னும் 500 கிலோமீட்டர் இருக்கிறது என்றால் காத்திருக்காமல் இப்போதே மாற்றிவிடுங்கள்.